விஎல்சி பிளேயர் 3: டீகோடரும் அவுட்புட்டும் ஒத்துப்போக வேண்டும்

4கே படம் ஒன்றைத் திறந்ததும் லேப்டாப்பின் ஃபேன் இரைய ஆரம்பிக்கிறது. சத்தம் முன்னே ஓட, படம் தட்டுத்தடுமாறிப் பின்னால் வருகிறது. மெஷின் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், அந்த வீடியோவை விரிக்கும் வேலை எங்கே நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கும் கிராஃபிக்ஸ் சிப்புகளில் வீடியோவை விரிப்பதற்கென்றே தனிப் பகுதி ஒன்று இருக்கிறது. வேலை அங்கே போகாமல் சிபியுவின் தலையில் விழும்போதுதான் இந்தத் திணறல் வருகிறது.

விஎல்சி 1996-இல் பாரிஸின் எகோல் சென்ட்ரல் மாணவர்கள் கையில் தொடங்கியது. இப்போது வீடியோலேன் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு அதை நடத்துகிறது. 2018 பிப்ரவரியில் வந்த 3.0 பதிப்பிலிருந்துதான் ஹார்டுவேர் டீகோடிங், அதாவது வீடியோவை விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுப்பது, தானாகவே இயங்கும்படி அமைந்தது. அதற்கு முன்னால் நாமே தேடிப்போய் டிக் போட வேண்டும். இலவசம், விளம்பரம் இல்லை, எந்த ஃபைலைக் கொடுத்தாலும் திறந்துவிடும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். படம் காட்டும் விஷயத்தில் அது எப்படி என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். டீகோடிங்கில் விஎல்சி 3 நன்றாகவே இருக்கிறது. சரியான அமைப்பில் 4கே 10-பிட் எச்இவிசி (எச்.265 என்றும் சொல்லும் சுருக்க முறை) படம் ஓடும்போது சிபியு ஏறக்குறைய சும்மா இருக்கும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஹார்டுவேர் டீகோடிங் நடக்காமல் போனால் அதைத் திரையில் எங்கேயும் சொல்வதில்லை. சத்தமில்லாமல் சிபியுவுக்கு மாறிவிடும். அதனால் நாமே சோதித்துப் பார்ப்பது கட்டாயம்.

முதலில் சோதனை

செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன்னால் இப்போதைய நிலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸில் படத்தை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவை, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பை, தேர்ந்தெடுங்கள். அங்கே தெரியும் சிறு வரைபடங்களின் தலைப்பில் சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும். அதில் ‘வீடியோ டீகோட்’ என்பதை எடுங்கள். புதிய ஏஎம்டி சிப்புகளில் ‘வீடியோ கோடெக்’ என்று இருக்கும். அந்தக் கோடு மேலே ஏறி நின்றால் வேலை சரியான இடத்தில் நடக்கிறது. பூஜ்யத்திலேயே கிடந்து, ‘3டி’ மட்டும் லேசாக அசைந்தால், விரிக்கும் வேலையைச் சிபியு செய்கிறது, விரித்த படத்தைத் திரையில் ஒட்டும் வேலை மட்டும் ஜிபியுவில் நடக்கிறது என்று அர்த்தம்.

விஎல்சியின் வாயிலிருந்தே கேட்க வேண்டுமென்றால் கண்ட்ரோலும் எம்மும் அழுத்துங்கள். மெசேஜஸ் ஜன்னல் திறக்கும். கீழே வெர்போசிட்டி என்ற எண்ணை 2 ஆக்கிவிட்டுப் படத்தை மறுபடி முதலிலிருந்து திறங்கள். சரசரவென்று ஓடும் வரிகளில் ‘யூசிங் டி3டி11விஏ’ என்று தொடங்கி, உங்கள் கிராஃபிக்ஸ் கார்டின் பெயரைச் சொல்லி, ‘ஃபார் ஹார்டுவேர் டீகோடிங்’ என்று முடியும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம். இல்லையென்றால் அதே இடத்தைச் சுற்றித்தான் காரணமும் எழுதியிருக்கும். டாஸ்க் மேனேஜரைவிட இந்த வரி நம்பகமானது. அங்கே பிரவுசரில் ஓடும் யூடியூபும் சேர்ந்து கணக்காகிவிடும்.

மூன்றாவது இடம், கண்ட்ரோலும் ஜேயும் அழுத்தினால் வரும் ஜன்னல். கோடெக் பக்கத்தில் ஃபைலின் கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை), ரெசொல்யூஷன், ஃபிரேம் ரேட் தெரியும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கத்தில் டீகோட் ஆன ஃபிரேம், திரையில் காட்டிய ஃபிரேம், தவறிப்போன ஃபிரேம் மூன்றுக்கும் எண்ணிக்கை ஓடும். தவறியது பூஜ்யத்திலேயே நின்றால் படம் சுகமாக இருக்கிறது. முன்னே பின்னே தாவும்போது நாலைந்து கூடுவது இயல்பு. சும்மா ஓடும்போதே ஏறிக்கொண்டே போனால்தான் கவலை.

ஜோடிப் பொருத்தம்

கண்ட்ரோலும் பியும் அழுத்தினால் பிரிஃபரன்சஸ். நமக்கு வேண்டிய இரண்டு விஷயம் இரண்டு வெவ்வேறு பக்கங்களில் இருக்கின்றன. பெரும்பாலான குழப்பம் இதிலிருந்துதான் பிறக்கிறது. ‘இன்புட் / கோடெக்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டீகோடிங்’ இருக்கிறது. அதில் ஆட்டோமேட்டிக், டைரக்ட்3டி11, டிஎக்ஸ்விஏ 2.0, டிசேபிள் என்று தேர்வுகள். ‘வீடியோ’ பக்கத்தில் ‘அவுட்புட்’ இருக்கிறது. அதில் டைரக்ட்3டி11, டைரக்ட்3டி9, ஓப்பன்ஜிஎல், பழைய டைரக்ட்டிரா, ஜிடிஐ என்று நீளமான பட்டியல்.

இந்த இரண்டும் ஜோடி. டைரக்ட்3டி11 டீகோடருக்கு டைரக்ட்3டி11 அவுட்புட். டிஎக்ஸ்விஏ 2.0 டீகோடருக்கு டைரக்ட்3டி9 அவுட்புட். ஜோடி சரியாக இருந்தால், விரித்த ஃபிரேம் கிராஃபிக்ஸ் மெமரியிலேயே பிறந்து, அங்கிருந்தே திரைக்குப் போய்விடும். ஜோடி மாறினால் ஒவ்வொரு ஃபிரேமையும் கிராஃபிக்ஸ் மெமரியிலிருந்து ராமுக்கு இறக்கி, மறுபடி மேலே ஏற்ற வேண்டும். சில சமயம் ஹார்டுவேர் டீகோடிங்கையே கைவிட்டுவிடும்.

இறக்கி ஏற்றுவது எவ்வளவு பெரிய சுமை என்று ஒரு கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். 4கே என்பது 3840 பெருக்கல் 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒருமுறை மட்டும் குறிக்கும் 4:2:0 முறையில் புள்ளிக்கு ஒன்றரை மதிப்பு, 10-பிட் என்றால் ஒவ்வொரு மதிப்புக்கும் 2 பைட். ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 24.9 எம்பி. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் கிட்டத்தட்ட 1.5 ஜிபி. இறக்க ஒரு முறை, ஏற்ற ஒரு முறை. ஒற்றை ராம் குச்சி போட்ட லேப்டாப்பில் சிபியுவும் ஜிபியுவும் அதே ராமைப் பங்குபோடும்போது இது பெரும் பாரம். அதே கணக்கில் 1080பி 8-பிட் ஃபிரேம் 3.1 எம்பிதான். அதனால்தான் ஜோடி தப்பாக இருந்தாலும் சாதாரணப் படம் ஒழுங்காக ஓடுகிறது, 4கே போட்டதும் சாயம் வெளுக்கிறது.

விண்டோஸ் 10, 11-இல் இரண்டையும் டைரக்ட்3டி11-இல் வைப்பதுதான் எங்கள் சிபாரிசு. ஆட்டோமேட்டிக் விட்டாலும் புதிய விண்டோஸில் அது பெரும்பாலும் இதைத்தான் எடுக்கும். ஆனால் யாரோ எப்போதோ சொன்னதைக் கேட்டு அவுட்புட்டை ஓப்பன்ஜிஎல் என்றோ டைரக்ட்டிரா என்றோ மாற்றி வைத்திருந்தால், அந்த மாற்றம் விஎல்சியைப் புதுப்பித்த பிறகும் அப்படியே தங்கியிருக்கும். டைரக்ட்டிராவும் ஜிடிஐயும் பழைய மெஷின்களுக்காக விட்டுவைத்தவை. 3.0 இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடக்கூடியது, அதற்காகத்தான் அவை அங்கே இருக்கின்றன. இன்றைய கம்ப்யூட்டரில் அவற்றைத் தொட வேண்டாம். மாற்றிய பிறகு சேவ் கொடுத்து, விஎல்சியை முழுக்க மூடித் திறங்கள். ஓடிக்கொண்டிருக்கும் படத்தில் மாற்றம் தெரியாது. ‘செட்டிங் வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் பல இதனால் வருபவை.

உங்கள் சிப் எதை விரிக்கும்?

எவ்வளவு சரியாக அமைத்தாலும் சிப்பில் இல்லாத திறமையை விஎல்சி கொண்டுவர முடியாது. எச்.264 8-பிட் எல்லாச் சிப்பிலும் உண்டு. எச்இவிசியில்தான் பிரிவு வருகிறது. இன்டெலில் 6-வது தலைமுறை 8-பிட் எச்இவிசியை முழுதாக விரிக்கும். 10-பிட் எச்இவிசியும் 10-பிட் விபி9-உம் 7-வது தலைமுறையிலிருந்துதான். என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 950, 960 கார்டுகளும் 10 வரிசை முழுவதும் 10-பிட் எச்இவிசியைப் பார்த்துக்கொள்ளும், சின்ன ஜிடி 1030 உட்பட. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 400 வரிசை முதல்.

ஏவி1 இன்னும் புதிய கோடெக். இன்டெல் 11-வது தலைமுறை, என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 வரிசை, ஏஎம்டி ஆர்எக்ஸ் 6000 வரிசை ஆகியவற்றில்தான் தொடங்குகிறது. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் மட்டும் கிடையாது, அந்த வரிசையிலேயே இருந்தும் ஏவி1 டீகோடரை விட்டுவிட்டார்கள். வீட்டில் படம் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு மலிவான கார்டு தேடுபவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மேக்கில் ஏவி1 டீகோடர் எம்3 சிப்பிலிருந்து.

ஏவி1 இல்லாத சிப்பிலும் விஎல்சியை விட்டுவிட வேண்டியதில்லை. வீடியோலேன் குழுவே முன்னின்று எழுதிய டேவ்1டி என்ற சாஃப்ட்வேர் டீகோடர் உள்ளேயே இருக்கிறது. ஏவிஎக்ஸ்2 வசதி உள்ள நான்கு கோர் சிபியுவில் 1080பி ஏவி1 சிரமமில்லாமல் ஓடும். இன்டெல் 4-வது தலைமுறை ஐ5 என்றாலும் ஓடும். ஆனால் 64-பிட் விஎல்சியைப் போட்டிருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் விஎல்சி பெயருக்குப் பக்கத்தில் 32-பிட் என்று இருந்தால், அதை எடுத்துவிட்டு 64-பிட்டைப் போடுங்கள். சாஃப்ட்வேர் டீகோடிங்கில் இந்த ஒரு மாற்றமே நன்றாகத் தெரியும்.

அனிமே ரசிகர்கள் அடிக்கடி மோதும் சுவர் ஒன்று உண்டு: 10-பிட் எச்.264. இன்று பெரும்பாலானவர்கள் கையில் இருக்கும் எந்த டெஸ்க்டாப் ஜிபியுவும் இதை விரிக்காது. எச்இவிசி 10-பிட் விரிக்கும் சிப், அதைவிடப் பழைய எச்.264-இன் 10-பிட்டை விரிக்காதா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் டிவியோ ப்ளூ-ரேயோ அந்த வடிவத்தைப் பயன்படுத்தவில்லை, அதனால் சிப் செய்பவர்களும் அதற்கு இடம் ஒதுக்கவில்லை. விஎல்சி தானே சிபியுவுக்கு மாறிக்கொள்ளும், அதுதான் சரியான நடத்தை. கேமராவிலிருந்து நேராக வரும் 4:2:2 10-பிட் எச்இவிசி ஃபைல்களும் பெரும்பாலான மெஷின்களில் சிபியுவில்தான் விழும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் ரஷ்ஷை (எடிட் செய்யாத காட்சியை) பார்க்கும்போது திணறினால், அதற்கு செட்டிங் காரணமில்லை.

இன்னொன்று. டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டருக்குக் கீழே ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்று இருந்தால், டிரைவரே போடவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எந்தப் பிளேயரிலும் ஹார்டுவேர் டீகோடிங் நடக்காது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கும் எச்இவிசி எக்ஸ்டென்ஷன் விண்டோஸின் சொந்தப் பிளேயருக்கு வேண்டியது. விஎல்சிக்கு அது தேவையே இல்லை.

இரண்டு ஜிபியு உள்ள லேப்டாப்

இன்டெலும் என்விடியாவும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில், பெரும்பாலும் திரை இன்டெலோடுதான் இணைந்திருக்கும். விஎல்சியை என்விடியாவில் ஓடவிட்டால் ஃபிரேம்கள் அங்கே விரிந்து, பிறகு இன்டெலுக்குக் கடந்து வர வேண்டும். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். படம் பார்க்க இன்டெலே போதும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய் விஎல்சியைச் சேர்த்து, ‘பவர் சேவிங்’ என்பதைக் கொடுங்கள். டாஸ்க் மேனேஜரின் பிராசஸஸ் பக்கத்தில் ஜிபியு இன்ஜின் என்ற பத்தியை வரவழைத்தால், எந்த ஜிபியுவில் டீகோட் நடக்கிறது என்று விஎல்சியின் வரியிலேயே தெரியும்.

அடியில் ஓடும் பச்சைக் கோடு

ஹார்டுவேர் டீகோடிங்கில் பலரையும் பயமுறுத்துவது இது. 1080பி படத்தின் அடி ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு. மானிட்டர் கெட்டுவிட்டதோ என்று பதறுவார்கள். காரணம் எளிது. எச்.264 படத்தை 16க்கு 16 கட்டங்களாகப் பிரித்து வேலை செய்கிறது. 1080 என்பது 16-ஆல் வகுபடாது. அதனால் உள்ளே 1088 வரிகளாக எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் 8 வரிகளை வெட்டிவிட்டுத்தான் திரைக்கு அனுப்ப வேண்டும். டிரைவரோ அவுட்புட்டோ அந்த வெட்டைச் சரியாகச் செய்யாவிட்டாலும், படத்தைப் பெரிதாக்கும்போது ஓரத்து வரி பக்கத்து வரியோடு கலந்துவிட்டாலும் அது வெளியே எட்டிப்பார்க்கும். ஏன் பச்சை? நிறத்தைக் குறிக்கும் இரண்டு மதிப்புகளும் பூஜ்யமாக இருந்தால் கறுப்பு வராது, பச்சைதான் வரும். ஒன்றும் எழுதாத காலி மெமரியின் நிறம் அது.

இதற்கு முதல் மருந்து கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிப்பது. இரண்டாவது, ஜோடியை மாற்றுவது: டைரக்ட்3டி11-இல் வந்தால் டிஎக்ஸ்விஏ 2.0-வும் டைரக்ட்3டி9-உம், அங்கே வந்தால் இங்கே. ஹார்டுவேர் டீகோடிங்கையே நிறுத்தச் சொல்லும் அறிவுரைதான் எங்கும் கிடைக்கிறது. அது நோயோடு சேர்த்து ஆளையும் அனுப்பிவிடும் வைத்தியம், கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படம் முழுவதும் சாம்பல் பூத்தாற்போல, கறுப்பு கறுப்பாக இல்லாமல் இருந்தால் அது வேறு பிரச்சினை. வீடியோவில் கறுப்பு 16-இல் தொடங்கி வெள்ளை 235-இல் முடிகிறது. மானிட்டருக்கு 0 முதல் 255 வரை வேண்டும். நடுவில் யாராவது ஒருவர் இந்த விரிவைச் செய்ய வேண்டும். யாரும் செய்யாவிட்டால் படம் வெளிறும், இரண்டு பேர் செய்துவிட்டால் இருட்டுக் காட்சிகளில் விவரம் எல்லாம் மூழ்கிவிடும். என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலில் ‘அட்ஜஸ்ட் வீடியோ கலர் செட்டிங்ஸ்’ போய், ‘வித் த என்விடியா செட்டிங்ஸ்’ கொடுத்து, அட்வான்ஸ்டில் டைனமிக் ரேஞ்சை ஃபுல் 0-255 ஆக்குங்கள். மற்ற கார்டுகளில் விஎல்சியின் வீடியோ பக்கத்தில் ‘யூஸ் ஹார்டுவேர் ஒய்யூவி ஆர்ஜிபி கன்வெர்ஷன்ஸ்’ என்பதில் டிக்கை எடுத்துப் பாருங்கள்.

லினக்ஸில்

இங்கே டீகோடர் பட்டியலில் விஏ-ஏபிஐ, விடிபாவ் இரண்டும் இருக்கும். இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் விஏ-ஏபிஐ. விஎல்சியைத் தொடுவதற்கு முன்னால் டெர்மினலில் ‘விஏஇன்ஃபோ’ கட்டளையை ஓட்டுங்கள். அது தரும் பட்டியலில் ‘எச்இவிசி மெயின்10’ என்ற புரொஃபைலுக்கு எதிரே விஎல்டி என்று இருந்தால் சிப்பும் டிரைவரும் தயார். பட்டியலே வராவிட்டால் விஎல்சியில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. இன்டெலில் 5-வது தலைமுறை முதல் ஐஎச்டி என்ற மீடியா டிரைவர், அதற்கு முந்தையவற்றுக்குப் பழைய ஐ965. ஃபெடோராவில் எச்.264, எச்இவிசி இரண்டையும் காப்புரிமை காரணமாக 2022-இல் மெசா என்ற கிராஃபிக்ஸ் டிரைவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்கள் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற கூடுதல் மென்பொருள் தொகுப்பிலிருந்து ஃப்ரீவேர்ல்டு பேக்கேஜைப் போட்டால்தான் அது திரும்ப வரும். வேலை நடக்கிறதா என்று பார்க்க இன்டெலுக்கு ‘இன்டெல் ஜிபியு டாப்’, மற்றவற்றுக்கு ‘என்விடாப்’.

என்விடியாவோடு லினக்ஸில் விஎல்சி 3 அவ்வளவு ஒட்டவில்லை. விடிபாவ் வழிதான் இருக்கிறது, அது வேலண்டை (இன்றைய லினக்ஸில் திரையை நடத்தும் முறை) கண்டதில்லை. அங்கே எம்பிவி என்ற இன்னொரு இலவசப் பிளேயரே மேல்.

எச்டிஆரும் டால்பி விஷனும்

எச்டிஆர் (அதிக வெளிச்ச வீச்சைக் காட்டும்) மானிட்டர் இருந்து, விண்டோஸில் யூஸ் எச்டிஆர் ஆன் செய்திருந்தால், டைரக்ட்3டி11 அவுட்புட்டில் விஎல்சி 3 எச்டிஆர்10-ஐ அப்படியே அனுப்பிவிடும். சாதாரண மானிட்டரில் அது வெளிச்சத்தைச் சுருக்கிக் காட்ட வேண்டும். அந்த வேலையில் விஎல்சி சுமார்தான். பிரகாசமான மேகமும் விளக்கொளியும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும் காட்சிகள் வரும்.

டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகையின் புரொஃபைல் 5 ஃபைலைத் திறந்தால் முகமெல்லாம் ஊதா, பின்னணியெல்லாம் பச்சை. ஃபைல் கெடவில்லை. அந்தப் புரொஃபைல் வேறொரு நிற முறையில் எழுதப்பட்டது. கூடவே வரும் மெட்டாடேட்டாவைப் படித்து மாற்றினால்தான் சரியான நிறம் வரும், விஎல்சி 3 அதைச் செய்வதில்லை. ஃபைலின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் அதைத் திறந்து பாருங்கள். டிவிஎச்இ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் 05 என்று இருந்தால் விஎல்சியில் முயற்சி செய்ய வேண்டாம். 08 என்று இருந்தால் பெரும்பாலும் அடியில் எச்டிஆர்10 இருக்கும், அது ஓடிவிடும். புரொஃபைல் 5-க்கு எம்பிவியில் ‘ஜிபியு-நெக்ஸ்ட்’ அவுட்புட் சரியான நிறம் காட்டுகிறது. எம்பிவியில் ஹார்டுவேர் டீகோடிங் தானாக இயங்காது என்பதை மறக்க வேண்டாம். படம் ஓடும்போது கண்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் ஆன் ஆகும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கான்ஃபிக் ஃபைலில் எச், டபிள்யூ, டி, இ, சி என்ற ஐந்து எழுத்துக்குச் சமமாக ‘ஆட்டோ-சேஃப்’ என்று எழுத வேண்டும். ஐ எழுத்தைத் தட்டினால் எந்த டீகோடர், எத்தனை ஃபிரேம் தவறியது என்று திரையிலேயே காட்டும். விஎல்சியில் இப்படி ஒரு வசதி இல்லாதது பெரிய குறை.

24 ஃபிரேம் சினிமாவை 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டும்போது வரும் நடுக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு ஃபிரேம் 33 மில்லிசெகண்ட் நிற்கும், அடுத்தது 50, மறுபடி 33. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சியில் இது கண்ணில் குத்தும். விஎல்சி 3 திரையின் ஹெர்ட்ஸைத் தானாக மாற்றாது. எம்பிசி-எச்சி என்ற பிளேயர் ஃபுல் ஸ்கிரீனில் மாற்றித் தரும். விஎல்சியில் பார்க்க விரும்பினால் டிஸ்பிளே செட்டிங்ஸில் கையாலேயே 24 ஹெர்ட்ஸ் வையுங்கள், மானிட்டர் ஒப்புக்கொண்டால்.

பழைய 480பி, 720பி படங்களைப் பெரிய திரையில் பார்ப்பவர்களுக்கு 3.0.19 பதிப்பு நல்ல சேதி கொண்டுவந்தது. என்விடியா, இன்டெல் கார்டுகளின் சூப்பர் ரெசொல்யூஷனை (சின்னப் படத்தைத் தெளிவாகப் பெரிதாக்கும் வசதி) விஎல்சியே கேட்டு வாங்கும், 3.0.21-இல் ஏஎம்டியும் சேர்ந்தது. பிரிஃபரன்சஸின் அடியில் ‘ஆல்’ கொடுத்து, வீடியோ, அவுட்புட் மாட்யூல்ஸ், டைரக்ட்3டி11 என்று போனால் அப்ஸ்கேலிங் மோட் இருக்கும். என்விடியாவில் கண்ட்ரோல் பேனலிலும் ஆர்டிஎக்ஸ் வீடியோ என்ஹான்ஸ்மென்ட்டை ஆன் செய்ய வேண்டும். அவுட்புட் டைரக்ட்3டி11 இல்லையென்றால் இது ஒன்றும் நடக்காது.

தமிழ் சப்டைட்டில்

விஎல்சி 2 காலத்தில் தமிழ் சப்டைட்டில் போட்டவர்களுக்கு நினைவிருக்கும். ‘கொடு’ என்ற சொல்லில் கொம்பும் காலும் எழுத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டியவை, எல்லாம் ஒரே பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். 3.0-இல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோர்ப்பு நூலகம் சேர்ந்த பிறகு எழுத்து சரியான இடத்தில் உட்காருகிறது. இப்போதும் கட்டம் கட்டமாக வந்தால் ஃபான்ட்தான் காரணம். ‘சப்டைட்டில்ஸ்’ பக்கத்தில் ஃபான்ட்டை நிர்மலா யுஐ ஆக்குங்கள், லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ். லதா ஃபான்ட் விண்டோஸ் 10 முதல் தானாக வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். கேள்விக்குறியும் குப்பை எழுத்துமாக வந்தால் அதே பக்கத்தில் டீஃபால்ட் என்கோடிங்கை யுடிஎஃப்-8 ஆக்குங்கள். பாமினி, டிஸ்கி காலத்து ஃபைல் என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும், விஎல்சியால் அதைப் படிக்க முடியாது.

ஆண்ட்ராய்டு விஎல்சியில் ‘ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்’ என்ற ஒரே தேர்வுதான். ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். படம் கறுப்பாக இருந்து சத்தம் மட்டும் வந்தால் ‘டீகோடிங் ஆக்சிலரேஷன்’ கொடுத்துப் பாருங்கள். ஃபிரேமை நேராகத் திரைக்கு அனுப்பும் வழியைத் தவிர்த்துவிட்டு, விரிப்பதை மட்டும் சிப்பில் செய்யும். அதற்கும் மசியாவிட்டால்தான் டிசேபிள்.

பல இடங்களில் மாற்றிக் குழப்பிவிட்டீர்கள் என்றால், பிரிஃபரன்சஸின் அடியில் ‘ரீசெட் பிரிஃபரன்சஸ்’ இருக்கிறது. விஎல்சியை எடுத்துவிட்டு மறுபடி போடுவது இதற்கு ஈடாகாது, செட்டிங் ஃபைல் யூசர் ஃபோல்டரில் தனியாகத் தங்கியிருக்கும். ரீசெட் செய்த பிறகு ஒன்றை மட்டும் மாற்றி, மூடித் திறந்து, மெசேஜஸ் ஜன்னலில் அந்த டி3டி11விஏ வரியைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.